மேற்குக் கதவு வரைக்கும்

நேற்றுக் காலை என் மனைவி குசினி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துணியில் உங்கள் சேர்ச் இருந்தது. முக்கோண முகப்பு, மேலே மணி, நடுவில் மேற்குக் கதவு எல்லாம் வெள்ளைக் கோடுகளாக அப்படியே இருந்தன. கீழே "ஓடுவோம், ஒன்றாவோம்" என்று அச்சடித்திருந்ததில் முதல் சொல் இருந்த பக்கம் கிழிந்துபோயிருந்தது. ஒன்றாவோம் மட்டும் மீன் கழுவிய தண்ணீரில் கிடந்தது.

"இத எங்கயிரிந்து எடுத்த?" என்று கேட்டேன்.

"அலுமாரிக்கு அடியில கிடந்திச்சி. என்ன துணியோ தெரியா, தண்ணிய உறிஞ்சிதும் இல்ல. வீசிரவா?"

வீச வேண்டாம் என்றேன். அலசிக் கொடியில் போட்டேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பழைய சாறன் ஒன்றைக் கிழித்து வேலையைத் தொடர்ந்தாள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஏழாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்காரவைத்த நாளிலிருந்து நான் உனக்கு எத்தனையோ எழுதியிருக்கிறேன். கடைசியாக எழுதியது ஒரு பகிடி. வட்ஸ்அப்பில், எல்லோரும் பார்த்துச் சிரிக்க. அதற்குப் பிறகும் சந்தித்தோம், கையை உயர்த்தினோம், கொஞ்சம் கதைத்தும் இருக்கிறோம். எழுதியது இல்லை. ஆகவே இதை மன்னிப்புக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. பத்திரிகைக்காரர்கள் உள்பக்கத்தின் மூலையில், ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து ஒரு திருத்தம் போடுவார்களே, அப்படி எடுத்துக்கொள்.

எங்கள் ஓட்டக் கழகத்தை உருவாக்கியது விளையாட்டு ஆர்வம் அல்ல, நீரிழிவு என்ற சீனி வருத்தம். கல்முனையில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களை ஒரே திசையில் போகவைக்கும் ஆற்றல் எந்தக் கட்சிக்கும் கிடையாது. அந்த வருத்தத்துக்கு உண்டு. விடியலில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் சாறனைக் கழற்றிக் கால்சட்டைக்கு மாறிக் கடற்கரை றோட்டில் கூடுவோம். ஒரு வங்கி முகாமையாளர், ஒரு சட்டத்தரணி, மூன்று ஆசிரியர்கள், ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் தலைவர் ஹாஜியார், செயலாளரான நான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பென்சன் எடுத்து வந்த நீ. கழகத்தின் ஒரே கிறிஸ்தவன் என்பதால் உன்னை எல்லாப் படங்களிலும் நடுவில் நிற்கவைத்தோம். ஓடும்போது மட்டும் நீ கடைசியில் வருவாய். உனக்குக் கால் நல்ல கால்; நினைத்திருந்தால் எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டுப் பாண்டிருப்பைத் தாண்டியிருப்பாய். ஒருநாள் கேட்டதற்குச் சொன்னாய்: "பின்னுக்கு ஓராள் வேணும்டா. உங்கட உடம்புக்கு ஆராவது விழுவீங்க. தூக்குறதுக்கு ஆள் வேணாமா?"

ஓட்டம் உங்கள் சேர்ச் வளவில் முடியும். அங்கே கிணறு இருந்தது. உப்பில்லாத தண்ணீர், கடலுக்கு இவ்வளவு கிட்ட அது எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடம் முழுக்கக் குடித்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு, "குடிச்ச தண்ணிக்குக் கூலி வேணாம். புல்லுப் புடுங்கினாக் காணும்" என்றாய். அப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் ஓட்டம் பாதி, சேர்ச் பாதி. முஸ்லிம்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து நின்று புல் பிடுங்குவதைப் பார்க்க றோட்டில் சைக்கிள்கள் நின்றன. தேத்தண்ணிக் கடைக்காரர், "சேர்ச்சில வேல செஞ்சிட்டு என்ட கடையில வந்து சீனியில்லாத் தேத்தண்ணி கேக்குறீங்க. உங்களால அவங்களுக்குத்தான் லாபம்" என்று முறைப்பட்டார்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் மேற்குக் கதவுப் படியில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "அப்பா இதாலதான் போனார். மனிசியும் இதாலதான் போனா. பெட்டிய உள்ள வச்சுப் பாட்டுப் படிச்சு, இந்தக் கதவால தூக்கினவங்க. நானும் இதால போகவேணும். வேற ஒண்டும் ஆருட்டயும் கேக்கயில்ல. நீங்க எல்லாரும் நன்மைக்குச் செய்யிறீங்க, நான் சுயநலத்துக்குப் புல்லுப் புடுங்குறன்."

ஆசிரியர் ஒருவர், "அதுக்கு இன்னும் காலம் இரிக்கி" என்று மரியாதைக்குச் சொன்னார்.

"கதவுக்கு இருக்கு. எனக்குத் தெரியா" என்றாய்.

புல்லுக்குப் பிறகு சுவர். சுவரில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுப்பது, காரை விழுந்த இடங்களை அடைப்பது. அதற்கு நீ உன் வீட்டுப் பின்வளவில் ஒரு பெரிய வாளியில் சுண்ணாம்பை நீற்றி மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறவிட்டிருந்தாய். பழைய காரையைச் சுரண்டி, சுவரை நனைத்து, ஒரு பூச்சு. காய்ந்ததும் நனைத்து இன்னொன்று. "மெல்லிசாப் பூசு. மாஜரின் இருக்கிற வீட்டில பாணுக்குப் பூசுறமாதிரிப் பூசாத. மாஜரின் முடியப்போற வீட்டில பூசுறமாதிரி."

சீமெந்தைக் குழைத்து ஒரேயடியாக அடித்தால் என்ன என்று கேட்டது வங்கி முகாமையாளர். நீ அவரது கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாய். "ஈரம் தெரியுதா? ரெண்டடி மொத்தச் சுவர் இது. கீழால தண்ணி ஏறும், உப்பு ஏறும். கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு இடுப்பளவு குடிச்ச சுவர், இன்னும் அந்த உப்பக் கக்கிக்கொண்டு கிடக்கு. சுண்ணாம்பெண்டா வேர்த்து வேர்த்து வெளிய விடும். சீமெந்தால மூடினா உள்ளுக்கே நிண்டு அரிக்கும். பழைய துருசுகளில நான் பாத்திருக்கன். வெளிய வடிவா இருக்கும், உள்ளுக்கு மாவு." துருசு என்றால் குளத்து மதகு என்று அவருக்கு நான் விளக்கவேண்டி வந்தது. அவர் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமையில் பாய் அகலத்துக்கு வேலை முடியும். அதைப் படம் எடுத்தால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருக்கும். எங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. நாட்டின் சேர்ச்சுகளில் குண்டுகள் வெடித்தன. கொண்டுபோனவர்களுக்கு எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்கள். நாங்கள் செய்யாத ஒன்றுக்காக வெட்கப்படவும், செய்யாத ஒன்றுக்காகப் பயப்படவும் ஒரே கிழமையில் பழகினோம். ஊரடங்கு தளர்ந்த முதல் சனிக்கிழமை ஆறு பேர்தான் ஓட வந்தோம். ஓடி வந்து உங்கள் கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டோம். உள்ளே போகலாமா என்று ஒருவரிடமும் கேட்க முடியவில்லை. நீ கிணற்றடியில் வாளியோடு நின்றாய்.

"என்னடா, இண்டைக்கு ஒருத்தருக்கும் தண்ணி விடாய்க்கல்லையா?"

சட்டத்தரணி அழுதுவிட்டார். மற்றவர்கள் முகம் கழுவுவதாகப் பாவனை செய்தோம்.

அது போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஏப்ரலுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மேலதிக வேலை வந்து சேர்ந்திருந்தது. முன்பு நல்லவர்களாக இருந்தால் சரி. இப்போது அது தூரத்திலிருந்தே தெரியவும் வேண்டும். பாய் அகலச் சுண்ணாம்பு கொழும்பு வரைக்கும் தெரியாது. ஹாஜியார் தன் கடை மாடியில் கூட்டம் வைத்தார். பற்றிஸ் வந்தது, சீனியில்லாத் தேத்தண்ணி வந்தது. "சேர்ச்ச நாம முழுசாப் புதுசாக்கிக் குடுப்பம். சீமெந்து, பெயின்ற் எல்லாம் என்ட கடையிலயிரிந்து. ஆளுக்கொரு ரீசேட். ஒரே நாள்ல முடிப்பம்" என்றார். மனிதர் மனதாரச் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கடிதம் இதைவிடச் சின்னதாக இருந்திருக்கும்.

நீ எழும்பி நின்றாய். "ஹாஜியார், பெரிய உதவி. பெயின்ற கேற்றுக்கும் மதிலுக்கும் அடிப்பம். சுவருக்குச் சீமெந்து மட்டும் வேணாம்."

"ஏன் தம்பி, எங்கட சீமெந்து ஒட்டாதா?"

அந்தக் காலத்தில் யார் என்ன சொன்னாலும் அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது.

"ஒட்டும் ஹாஜியார். ஒட்டுறதுதான் வில்லங்கம்."

உங்கள் பாஸ்டரையும் சேர்ச் கமிட்டியையும் போய்ப் பார்த்தோம். அவர்களுக்கும் நீ சுவரைப் பற்றிச் சொல்லியிருந்தாய் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால், குண்டுக்குப் பிறகு முஸ்லிம்கள் கொடுப்பதை வாங்க மனமில்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்வோமோ என்று அவர்கள் பயந்தார்கள். கொடுக்காமல் விட்டால், சொல்லிவிட்டுப் பின்வாங்கினார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்று நாங்கள் பயந்தோம். "உங்கட விருப்பம்" என்றார்கள் அவர்கள். "இல்ல, உங்கட விருப்பம்" என்றோம் நாங்கள். இரண்டு சமூகங்கள் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு கட்டடத்தை அழிக்க அந்த மரியாதை போதுமாக இருந்தது.

அன்று பின்னேரம் நீ கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு நீண்ட செய்தி போட்டாய். கையால் வரைந்த படத்தோடு: சுவர், உள்ளே மேல்நோக்கி அம்புக்குறிகள், வெளியே பூச்சு, அம்புக்குறிகள் திரும்பிக் கீழே. சுவர் மூச்சு விடவேண்டும் என்று விளக்கி, கடைசி வரியாக, "தயவுசெய்து ஒரு மாரி பொறுத்துப் பார்ப்பம்" என்று எழுதியிருந்தாய். யாரும் பதில் போடவில்லை. அந்த மௌனத்தில் சிலர் யோசித்திருக்கவும் கூடும் என்று இப்போது தோன்றுகிறது. வங்கி முகாமையாளர் பிறகொருநாள் அப்படித்தான் சொன்னார். உன் படத்தைப் பார்த்துக் கையில் பட்ட ஈரம் ஞாபகம் வந்ததாம். ஆனால் ஒரு மௌனம் கிடந்தால் அதை நிரப்புவது என் தொழில். எழுதினேன்: "சேர்ச் சுவருக்கு இழுப்பு வருத்தமாம். சனிக்கிழமை வரும்போது தூரிகை வேண்டாம், ஆளுக்கொரு அஸ்மா பம்ப் கொண்டு வாருங்கள்."

சிரித்த முகங்கள் வரிசையாக விழுந்தன. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகம் திரை முழுக்க நிறைந்தது. ஹாஜியார் கூட, எழுத்துக் கூட்டி வாசிக்கச் சோம்பல்படுகிற மனிதர், மூன்று போட்டார். சிரிப்புகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: நீ குழுவிலிருந்து வெளியேறியிருந்தாய். அதற்குப் பிறகும் இரண்டு முகங்கள் சிரித்தன. பிந்தி வந்தவர்கள்.

நான் உன்னை அழைத்திருக்கலாம். நாளைக்கு ஓடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வேலை நாள் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். நீ அங்கே நின்றாய். அதைத்தான் என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. நூறு பேர் சேர்ச் படம் அச்சடித்த ரீசேட்டோடு பெரியநீலாவணையிலிருந்து ஓடி வந்தார்கள். மேசன்மார் சுவரைச் சுற்றிச் சாரம் கட்டி நின்றார்கள். உன் பாய் அகலங்கள் எல்லாம் காலை ஒன்பது மணிக்குள் நிலத்தில் கிடந்தன. வியர்வை உறிஞ்சாத ரீசேட்டைப் போட்டுக்கொண்டு, வியர்வை விடாத பூச்சைச் சுவருக்குப் போட்டோம். நீ ரீசேட் போடவில்லை. கிணற்றடியில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் வார்த்தாய். என் முறை வந்தபோது என் இரண்டு கைகளும் நிறையும் மட்டும் வார்த்துவிட்டு, "வடிவா இருக்கு மச்சான். படத்தில நல்லா விழும்" என்றாய். குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது.

படம் நன்றாகத்தான் விழுந்தது. மேற்குக் கதவுக்கு அருகில் ஒரு கல்வெட்டும் பதித்தோம்: இன ஒற்றுமையின் அடையாளமாக, இன்னார் இன்னாரின் அன்பளிப்பு. வாசகம் நான் எழுதியது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

அடுத்த கிழமையிலிருந்து நீ எதிர்த்திசையில் ஓடத் தொடங்கினாய். நாங்கள் வடக்கிலிருந்து வருவோம், நீ தெற்கிலிருந்து. ஓட்டத்தை விடவும் இல்லை, எங்களோடு வரவும் இல்லை. தினமும் மீன்வாடிகளுக்குக் கிட்ட ஒருவரையொருவர் கடப்போம். நீ கையை உயர்த்துவாய், நாங்கள் எல்லோரும் உயர்த்துவோம். ஓட்டத்தின் கடைசியில் வர ஆள் இல்லாமல் போனது. ஆசிரியர் ஒருவர் ஒருநாள் தலைசுற்றி விழுந்து, நாங்கள் பள்ளிவாசல் சந்தி வரைக்கும் வந்த பிறகுதான் ஆள் குறைவதைக் கண்டோம்.

முதல் மாரி பெய்து ஓய்ந்த காலை, கடக்கும்போது நீ நின்றாய். என்னையும் கையைப் பிடித்து நிறுத்தினாய். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"சுவரில கை வச்சுப் பாத்தியா?"

"இல்லடா."

"உள்பக்கம் பெயின்ற் கொப்புளம் போட்டுக் கிடக்கு. தட்டினா டொக் டொக் எண்டு கேக்குது. இப்ப உரிச்சு எடுத்தாத் தப்பும். கழகக் கமிட்டியில நீ சொல்லு மச்சான். நான் சொன்னா, கிறிஸ்தவனுக்கு நன்றி இல்ல எண்டு போகும். நீ சொன்னாப் போகாது."

"ஹாஜியாரிட்ட கதைக்கிறன்" என்றேன்.

"இந்த மாதத்துக்குள்ள."

"ஓம்."

கல்வெட்டின் ஈரம் அப்போதுதான் காய்ந்திருந்தது. படத்தை ஒரு தூதரகம் தன் பக்கத்தில் போட்டிருந்தது. ஹாஜியார் அதைச் சட்டகம் போட்டுக் கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். அதற்குக் கீழே நின்றுகொண்டு நான் எதைச் சொல்வது? நோன்பு முடியட்டும் என்று நினைத்தேன். அதற்கு முன்பே உலகமே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த காலம் வந்தது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. நீ மீண்டும் கேட்கவே இல்லை. கையை மட்டும் உயர்த்தினாய். ஒவ்வொரு காலையும் அந்தக் கை என்னிடம் கேட்டது. நானும் கையை உயர்த்தினேன்.

மூன்றாவது மாரியில் மேற்குச் சுவர் வயிறு தள்ளியது. கதவு நிலைக்கு மேலே ஒரு வெடிப்பு, விரல் நுழையும் அகலம். எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்து, மரக்குற்றிகளால் முட்டுக்கொடுத்து, கதவைப் பூட்டி, குறுக்கே மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார். ஆராதனை வளவில் தகரப் பந்தலுக்கு மாறியது. நாங்கள் அவசரக் கூட்டம் கூடினோம். "நாம செய்யாம விட்டிருந்தா இன்னும் முந்தி விழுந்திருக்கும்" என்றார் ஹாஜியார்; அதை அவர் உண்மையாகவே நம்பினார். கூட்ட அறிக்கையில் நான் எழுதினேன்: கட்டடத்தின் வயது காரணமாகச் சுவர் பாதிப்படைந்திருப்பது கவலையுடன் அவதானிக்கப்பட்டது. அடுத்த விடயமாகக் கடற்கரைச் சுத்திகரிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது.

சீனி வருத்தம் எங்களைச் சேர்த்தது என்றேன். உன்னைப் பிரித்ததும் அதுதான். காலில் ஒரு சின்னப் புண்; சப்பாத்து கடித்தது என்று நினைத்துக்கொண்டு அதோடே ஓடியிருக்கிறாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். உன் அக்கா கட்டிலருகே உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. நீ போர்வையைப் பார்த்துக்கொண்டு, "இனி நான் பின்னுக்கு வாறதுக்கு ஒருத்தரும் காரணம் கேக்கமாட்டாங்க" என்றாய். அக்கா, "வாய மூடிப்போட்டுத் தின்" என்று ஒரு சுளையை உன் வாயில் வைத்தா.

பிறகு என்னிடம் கேட்டாய். "கதவு துறப்பாங்களாடா?"

"துறப்பாங்க. வேல நடக்குது" என்றேன். ஒரு வேலையும் நடக்கவில்லை.

"நல்ல பகிடி" என்றாய்.

அடக்கத்தன்று பெட்டி தகரப் பந்தலில் இருந்தது. பாட்டு முடிந்ததும் தூக்க ஆள் தேவைப்பட்டது. உங்கள் ஆட்கள் எல்லாம் வயதானவர்கள். கழகத்திலிருந்து ஆறு பேர் தோள் கொடுத்தோம். ஜனாஸாவைத் தாமதிக்காமல் கொண்டுபோவது எங்கள் வழக்கம். தோளில் பாரம் ஏறினால் கால் தானாக வேகம் பிடிக்கும். பந்தலை விட்டு வருமுன்பே பாஸ்டர் பின்னால் ஓடி வந்தார்.

"ஐயாமார், கொஞ்சம் மெதுவா. மெதுவாப் போவம்."

"விடுங்க பாஸ்டர்" என்றா உன் அக்கா. "அவன் ஒருநாளாவது முன்னுக்கு ஓடட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் நான் கேட்டவற்றில் மிக நல்ல பகிடி அது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகக் கேற்றுக்குத் திரும்பும் இடத்தில் அக்கா எங்களுக்கு முன்னால் வந்து நின்றா. "சேமக்காலைக்குப் பிறகு போகலாம். கதவு வரைக்கும் கொண்டு போங்க."

"அக்கா, அது ஆபத்து எண்டு..." என்றார் சட்டத்தரணி.

"சீமெந்து பூசக்குள்ள ஆபத்தில்ல. இப்ப ஆபத்தா? கொண்டு போங்க."

சட்டத்தரணியே நாடாவை உயர்த்திப் பிடித்தார். மரக்குற்றிகளுக்கு நடுவே உன்னை மேற்குக் கதவு வரைக்கும் கொண்டுபோனோம். கதவு பூட்டிக் கிடந்தது. நீ அதிலிருந்து வெளியே வருவதுபோல் இருக்கவேண்டும் என்பதற்காகப் பெட்டியை அங்கேயே திருப்பினோம். ஆறு பேர், இரண்டு குற்றிகள், ஒரு ஆள் நிற்கும் இடம். முன்னால் இருந்தவர்கள் பின்னால் ஆக, பின்னால் இருந்த நான் சுவரோடு ஒட்டிப் போனேன். என் காதுக்கு அருகே பெயின்ற் கொப்புளம் ஒன்று உடைந்து மண் என் தோளில் கொட்டியது. மாவுபோல இருந்தது, நீ சொன்னபடியே. கண்ணுக்கு நேரே கல்வெட்டு. என் வாசகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, உன் பாரத்தைத் தோளில் வைத்து, முழுக்க வாசித்தேன். கல்வெட்டு மட்டும் வெடிக்கவில்லை. அது நல்ல சீமெந்து.

அப்படித்தான் நீ உள்ளே போகாமலே அந்தக் கதவால் வெளியே போனாய்.

ஒரு மாதம் கழித்து அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டா. பின்வளவில் உன் சுண்ணாம்பு வாளி. "ஒருத்தரும் கேக்கல்ல. வீசவும் மனம் வரல்ல. நீங்களாவது கொண்டு போங்க" என்றா. "நீங்களாவது" என்பதில் அவ எதை வைத்தா என்று நான் கேட்கவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் நாடாவுக்கு இப்பால் உள்ள கிணற்றுக்கட்டுக்கு அதிலிருந்து எடுத்துப் பூசுகிறேன். மெல்லிசாகத்தான். சுவரை உடைப்பதா, முட்டிலேயே விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தச் சுவருக்கு இந்த வாளி காணாது. காணும் என்று வைத்தாலும் காலம் போய்விட்டது. கிணற்றுக்கட்டு யாரும் படம் எடுக்கிற இடம் அல்ல. அதனால் அது தப்பலாம்.

நேற்று அந்தத் துணியைக் கொடியில் போட்ட பிறகு, பின்னேரம், குழுவில் எழுதினேன். அழகுபடுத்தாமல் எழுதினேன்: "சேர்ச் சுவர் வயதினால் பழுதாகவில்லை. நாங்கள் பூசிய சீமெந்தினால் பழுதானது. அவர் முன்கூட்டியே சொன்னார். எல்லோரையும் சிரிக்கவைத்து அவர் வாயை அடைத்தவன் நான். பிறகு உரித்தெடுக்கச் சொன்னார். அதையும் உங்களிடம் நான் சொல்லவில்லை. கூட்ட அறிக்கையைத் திருத்த வேண்டும்."

முதலில் ஒரு மஞ்சள் முகம் சிரித்தது. பிறகு இன்னொன்று. வங்கி முகாமையாளர், "செயலாளர் பழைய ஃபோர்முக்கு வந்திட்டார்" என்று போட்டார். ஹாஜியார் மூன்று முகங்கள் போட்டு, "பெயின்ற் இன்னும் ஸ்டொக் இரிக்கி" என்றார். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்த அதே முகங்கள், அதே கண்ணீர்.

"இது பகிடி இல்லை" என்று எழுதினேன்.

அதற்குத்தான் எல்லோரும் கூடுதலாகச் சிரித்தார்கள்.

இன்று காலை தெற்கிலிருந்து ஓடினேன், தனியாக. மீன்வாடிகளுக்குக் கிட்ட அவர்கள் எதிரே வந்தார்கள். கையை உயர்த்தினேன், எல்லோரும் உயர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து வாளியைத் திறந்து பார்த்தேன். வெயிலுக்குத் தண்ணீர் ஒரு விரலளவு இறங்கியிருந்தது. சுண்ணாம்புக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும், காய்ந்தால் பிறகு அது கல் என்று நீ சொல்வாய். கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றினேன். வாளியின் மூடி உடைந்து நெடுநாள். கொடியில் கிடந்த அந்தத் துணியை எடுத்து வாய்க்கு மேலே இழுத்து, கயிறு போட்டுக் கட்டினேன். தண்ணீரை உறிஞ்சாது என்பதால் அந்த வேலைக்கு அது சரியாக இருக்கிறது. மேலே உங்கள் சேர்ச் தெரிகிறது. நடுவில் மேற்குக் கதவு, மூடியபடி.